நாள்பட்ட நோயுள்ள நாய்க்கு மதுரையில் வீடு தேடும் முறை

தெருவிலிருந்து மீட்ட நாய்க்கு வீடு கிடைப்பதே அரிது. அந்த நாய்க்கு ஆயுள் முழுவதும் மாத்திரை கொடுத்தாக வேண்டும் என்றால், தேடுகிற முறையையே மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கிறது. நலமான குட்டிக்கு இரக்கமுள்ள மனிதர்கள் கிடைத்தால் போதும். நோயுள்ள நாய்க்கோ, காலை 7 மணிக்கும் மாலை 7 மணிக்கும் வீட்டில் ஆள் இருக்கிற குடும்பம் வேண்டும். திருநகரில் நான் ஒப்படைத்த வலிப்பு நோயுள்ள ஒரு நாய் பத்தே நாளில் என்னிடம் திரும்பி வந்தபோதுதான் இந்த வேறுபாடு எனக்கு உறைத்தது. குறை அந்த வீட்டாருடையது அன்று. "எப்போதாவது லேசாக வலிப்பு வரும்" என்று மென்று விழுங்கிச் சொன்னது நான்தான்.

வீடு தேடத் தொடங்குவதற்கு முன், நோய் உண்மையிலேயே நாள்பட்டதுதானா என்பது உறுதியாக வேண்டும். நம் ஊர்த் தெருநாய்களிடம் அடிக்கடி காணும் உண்ணிக் காய்ச்சல், பார்வைக்கு எவ்வளவு மோசமாக இருந்தாலும், ஏறக்குறைய 28 நாள் டாக்சிசைக்ளின் மாத்திரையில் பெரும்பாலும் கட்டுப்பட்டுவிடுகிறது. பிறப்புறுப்பில் வரும் தொற்றுக்கட்டியும் வாரம் ஒரு ஊசியாகச் சில வாரங்கள் போட்டால் பெரும்பாலும் கரைந்துவிடும். இவற்றுக்கெல்லாம் "நோயாளி நாய்" என்று பட்டம் கட்டி வீடு தேடுவது அவசரம். குணமாக்கிவிட்டுத் தேடுவதே நல்லது. வலிப்பு, சிறுநீரகக் கோளாறு, டிஸ்டெம்பர் என்ற வைரஸ் நோய் வந்து பிழைத்த பிறகும் நிற்காத தசைத்துடிப்பு, வண்டியில் அடிபட்டுப் பின்னங்கால்கள் விழுந்த நிலை ஆகியவையே கூடவே தங்குபவை. உள்ளூர் மருத்துவருக்குப் பிடிபடாத நோய் என்றால், தேனியிலும் திருநெல்வேலியிலும் உள்ள அரசு கால்நடை மருத்துவக் கல்லூரிகள் வரை ஒருமுறை கொண்டுபோய்க் காட்டிவிடுவது பிற்பாடு வரும் பல கேள்விகளை மிச்சப்படுத்தும். வெறிநாய்க்கடித் தடுப்பூசியையும், மருத்துவர் சம்மதித்தால் கருத்தடையையும் இந்தக் கட்டத்திலேயே முடித்துவிட வேண்டும்.

வலிப்பு நோயையே எடுத்துக்கொள்வோம். இதற்கு வழக்கமாகத் தரும் பீனோபார்பிட்டோன் மாத்திரை, உடம்பில் நிலையான அளவுக்கு வருவதற்கே ஏறக்குறைய இரண்டு வாரங்கள் பிடிக்கும். அந்த நாட்களில் நாய் தள்ளாடும், தூங்கி வழியும், தண்ணீர்ப் பாத்திரத்தை விட்டு நகராது, எவ்வளவு தின்றாலும் பசி என்று நிற்கும். இதைக் கண்டு பயந்து, மாத்திரையைத் திடீரென நிறுத்துவதுதான் எல்லாவற்றிலும் ஆபத்தானது. நிறுத்திய சில நாட்களிலேயே அடக்க முடியாத வலிப்பு வரலாம். ஆகவே மருந்தின் அளவு படிந்து, சில மாதங்களாவது உங்கள் கண்காணிப்பில் இருந்த நாயைத்தான் அடுத்தவர் கையில் கொடுக்க வேண்டும்.

அடுத்து, ஒரே தாளில், தமிழில், நாயின் நிலையை எழுதுங்கள்: நோயின் பெயர், மருந்தின் பெயரும் அளவும், கடைசி வலிப்பு எப்போது வந்தது, எத்தனை நிமிடம் நீடித்தது, இதுவரை எடுத்த இரத்தப் பரிசோதனைகள், மாதச் செலவு. செலவைத் தோராயமாகச் சொல்லாமல், கடந்த மூன்று மாத ரசீதுகளைக் கூட்டி எழுதுவது முக்கியம். என்னிடம் இருந்த 15 கிலோ எடையுள்ள நாய்க்கு மருத்துவர் 30 மில்லிகிராம் மாத்திரையைக் காலையில் ஒன்று, மாலையில் ஒன்று என எழுதியிருந்தார். மாதத்துக்கு 60 மாத்திரைகள். இப்படிச் சொல்லும்போது, கேட்பவருக்கு அது பயமுறுத்தும் நோயாக இல்லாமல் ஒரு வீட்டுக் கணக்காகத் தெரிகிறது. வலிப்பு வரும்போது கைபேசியில் எடுத்த காணொளியையும் காட்டிவிடுங்கள். அதைப் பார்த்து விலகுகிறவர்கள் விலகட்டும். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தால், அது முதல் வலிப்பன்று இரவு 2 மணிக்கு வெளியே வரும்.

யாரிடம் கேட்பது என்பதில் என் அனுபவம் சற்று விநோதமானது. சிப்பிப்பாறை நாய் வளர்ப்பதைப் பெருமையாகச் சொல்லும் வீடுகளைவிட, சர்க்கரைக்கு வேளை தவறாமல் மாத்திரை போட்டுக்கொள்ளும் பெரியவர் உள்ள வீடுகளே இதற்குப் பொருத்தமாக அமைந்திருக்கின்றன. அவருடைய மாத்திரை டப்பாவுக்குப் பக்கத்திலேயே நாயின் டப்பாவும் இருப்பதால் வேளை தவறுவதில்லை. முன்பு நோயுற்ற நாயைக் கடைசிவரை பார்த்துக்கொண்டவர்களைக் கால்நடை மருத்துவமனையின் உதவியாளர்கள் நன்றாக அறிவார்கள். அந்த உதவியாளர்களிடம் முதலில் சொல்லிவையுங்கள்.

வீட்டை நேரில் பார்க்காமல் சம்மதிக்கக் கூடாது. சோழவந்தான், வாடிப்பட்டிப் பக்கத்துத் தோட்டக்காரர்கள் "எங்களிடம் இடம் நிறைய இருக்கிறது" என்று நல்ல மனத்தோடுதான் கேட்பார்கள். ஆனால் கைப்பிடிச் சுவர் இல்லாத கிணற்றுக்குப் பக்கத்தில் வலிப்பு வந்தால் அந்த நாய் பிழைக்காது. காவலுக்கென்று சங்கிலியில் கட்டப்பட்ட நாய் வலிப்பில் துடிக்கும்போது கழுத்து இறுகும். நகருக்குள் மொட்டை மாடியின் சுவர் உயரத்தையும் படிக்கட்டையும் பார்க்க வேண்டும். பல குடித்தனங்கள் ஒரே முற்றத்தைப் பகிர்ந்துகொள்ளும் வளவு வீடாக இருந்தால், வீட்டுக்காரரின் சம்மதம் மட்டும் போதாது. எதிர்க் குடித்தனத்தின் சம்மதமும் வேண்டும்.

ஒப்படைப்பதற்கு முன், மாத்திரை கொடுப்பதை அவர்களே உங்கள் முன்னால் மூன்று முறையாவது செய்து காட்ட வேண்டும். பசுமலையில் ஓர் அக்கா இட்லித் துண்டுக்குள் மாத்திரையை வைத்து ஊட்டினார். நாய் இட்லியைத் தின்றுவிட்டு, மாத்திரையை மட்டும் கட்டிலுக்கடியில் போய்த் துப்பிவிட்டு வந்தது. "இதுக்கு இருக்கிற அறிவு எங்க வீட்டுப் பயலுக்கு இல்ல தம்பி" என்றார். வேகவைத்த கோழி ஈரலை நகக்கண் அளவுக்குக் கிள்ளி, முதலில் வெறும் துண்டு, அடுத்து மாத்திரை பொதிந்த துண்டு, அது தொண்டையில் இறங்கும் முன்பே மூன்றாவது துண்டை மூக்கெதிரே காட்டுவது என்று செய்ததும் பழகிவிட்டது. பிறகு அவர் தயங்கித் தயங்கிக் கேட்டார்: "ஏன் தம்பி, இந்தக் காக்காய் வலிப்பு பிள்ளைகளுக்கு ஒட்டிக்கிருமா?" ஒட்டாது. இந்தக் கேள்வி எல்லா வீட்டிலும் இருக்கிறது. கேட்காதவர்களிடமும் நீங்களே சொல்லிவிட வேண்டும்.

வலிப்பு வந்தால் இரும்புச் சாவியைத் திணிப்பதும், வாயில் கைவிடுவதும், தண்ணீர் புகட்டுவதும் கூடாது. விளக்கை அணைத்து, முட்டிக்கொள்ளும் பொருள்களை நகர்த்திவிட்டு, கடிகாரத்தைப் பார்க்க வேண்டும். 5 நிமிடத்தைத் தாண்டினாலோ, ஒரே நாளில் திரும்பத் திரும்ப வந்தாலோ உடனே மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். இதை எழுதிக் குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒட்டச் சொல்லுங்கள்.

முதல் 30 நாட்களை ஒத்துவருகிறதா என்று பார்க்கும் காலமாக வைத்து, எந்தக் காரணத்துக்காகவும் திருப்பித் தரலாம் என்று எழுதிக் கொடுத்துவிடுங்கள். திருப்பித் தர வழி இருக்கிறது என்று தெரிந்தவர்கள் இரவோடிரவாக நாயைச் சாலையோரம் விட்டுவரத் துணிவதில்லை. பட்டினியிலும் தாகத்திலும் தவிக்கும்படி விலங்கைக் கைவிடுவது 1960ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம் என்பதையும் அதே தாளில் ஒரு வரி சேர்க்கலாம். தீபாவளிக்கு முந்தைய வாரத்தில் ஒப்படைக்காதீர்கள். வேட்டுச் சத்தமும் புது இடமும் சேர்ந்தால் சில நாய்களுக்கு வலிப்பு கூடிவிடுகிறது. தல்லாகுளம், கோரிப்பாளையம் பக்கத்து வீடுகள் என்றால், அழகர் வரும் நாட்களில் தெருவைக் கடக்கவே முடியாது என்பதால், சித்திரைத் திருவிழாவுக்கு முன்பே கூடுதலாக இரண்டு வார மாத்திரை வாங்கி வைத்திருக்க வேண்டும். வலிப்பு மாத்திரையை மருந்துச்சீட்டு இல்லாமல் கடையில் கேட்டு வாங்க முடியாது. ஆகவே சீட்டை நாயோடு சேர்த்துக் கொடுங்கள்.

மனமிருந்தும் பணமில்லாத வீடு அமைந்தால் அதை விட்டுவிடாதீர்கள். உணவு அவர்களுடையது, மருந்து நம்முடையது என்று பிரித்துக்கொள்ளலாம். தெருவில் அந்த நாய்க்குச் சோறு போட்டுவந்த நான்கைந்து பேர் மாதம் ஒரு சிறு தொகை தந்தால் போதும். பணத்தை வீட்டாரிடம் தராமல் மருந்துக் கடையிலேயே கட்டிவிடுவது இரு தரப்புக்கும் சங்கடமில்லாதது. வலிப்பு மாத்திரை கல்லீரலைப் பாதிக்கக்கூடும் என்பதால் ஆறு மாதத்துக்கொருமுறை எடுக்க வேண்டிய கல்லீரல் பரிசோதனைக்கு முதல் முறை நீங்களும் கூடப் போய் வாருங்கள். இரண்டாம் முறை அவர்களே போய்விட்டு, அறிக்கையைப் படமெடுத்து அனுப்புவார்கள்.