இந்தக் கட்டணம் எப்படி வந்தது? அரசு அலுவலகத்தில் கணக்குக் கேட்கும் முறை

குடிநீர் இணைப்பு, கட்டட வரைபட அனுமதி, குப்பை சேகரிப்பு என எந்தக் கட்டணமானாலும் அதற்கு எழுத்தில் ஓர் ஆதாரம் இருந்தாக வேண்டும். சட்டம், விதி, அரசாணை, உள்ளாட்சி மன்றத் தீர்மானம் ஆகியவற்றில் ஏதோ ஒன்று. "எப்போதும் இப்படித்தான் வாங்குகிறோம்" என்பது ஆதாரம் ஆகாது.

முதலில் ரசீதைப் பாருங்கள். ஒரே ரசீதில் வைப்புத்தொகை, மேம்பாட்டுக் கட்டணம், சாலை சீரமைப்புக் கட்டணம் என்று பல இனங்கள் இருக்கலாம். ஒவ்வோர் இனத்தையும் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள், ஆதாரமும் தனித்தனியாக இருக்கலாம். ரசீதே தராமல் வாங்கிய பணம் வேறு விஷயம், அது லஞ்ச ஒழிப்புத் துறைக்குப் போக வேண்டியது.

அடுத்து, 2005ஆம் ஆண்டு தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 6(1) பிரிவின்கீழ் அந்த அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு மனு எழுதுங்கள். தமிழ்நாட்டு அரசு அலுவலகம் என்றால் 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டினால் போதும். மத்திய அரசு அலுவலகத்துக்கு அது செல்லாது, போஸ்டல் ஆர்டர் வையுங்கள். எதற்காகக் கேட்கிறீர்கள் என்று சொல்லத் தேவையில்லை.

பெரும்பாலான மனுக்கள் தோற்பது ஒரே இடத்தில்தான். "ஏன் உயர்த்தினீர்கள்?" என்று கேட்டுவிடுகிறார்கள். கோப்பில் உள்ளதைத் தருவதுதான் அலுவலரின் கடமை, புதிதாக விளக்கம் எழுதுவது அல்ல. அதனால் "இது தகவல் அல்ல" என்று ஒரே வரியில் திருப்பிவிடுவார்கள், 30 நாள் வீணாகும். காகிதத்தைக் கேளுங்கள்:

1. இக்கட்டணத்தை நிர்ணயித்த அரசாணை அல்லது மன்றத் தீர்மானத்தின் நகல்.
2. அதற்கு முன் வைக்கப்பட்ட அலுவலகக் குறிப்பும் செலவுக் கணக்கீட்டுத் தாளும்.
3. ஆட்சேபணை கேட்டு வெளியிட்ட அறிவிப்பு, வந்த ஆட்சேபணைகள், அவற்றின் மீதான முடிவு.
4. கடந்த 3 நிதியாண்டுகளில் இத்தலைப்பில் வசூலான தொகை, இதே சேவைக்குச் செலவான தொகை.
5. கோப்பை நேரில் பார்வையிட அனுமதி.

ஐந்தாவதை விட்டுவிடாதீர்கள். பார்வையிட முதல் ஒரு மணி நேரம் இலவசம். எந்த அதிகாரி எந்தத் தொகையை முன்மொழிந்தார், யார் மாற்றினார் என்பது கோப்பின் குறிப்புப் பக்கங்களில்தான் தெரியும். இரண்டாவதற்கு "ஆவணம் இல்லை" என்று பதில் வந்தால் சோர்ந்துவிட வேண்டாம். கணக்கே போடாமல் தொகையை வைத்திருக்கிறார்கள் என்பதற்கு அவர்கள் கையெழுத்தோடு கிடைத்த சான்று அது.

30 நாளில் பதில் இல்லையென்றால், அல்லது பதில் அரைகுறை என்றால், அடுத்த 30 நாளுக்குள் அதே துறையின் மேல்முறையீட்டு அலுவலருக்கு எழுதுங்கள். அதிலும் பலனில்லையென்றால் 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையம். கெடு தாண்டித் தரும் நகல்களுக்குப் பக்கக் கட்டணம் கேட்க முடியாது, 7(6) பிரிவைச் சுட்டிக்காட்டுங்கள்.

கையில் வந்த கணக்கை எப்படிப் படிப்பது? வரிக்கும் கட்டணத்துக்கும் உள்ள வேறுபாட்டை உச்ச நீதிமன்றம் 1954இல் சிரூர் மடம் வழக்கில் விளக்கியது. அது சென்னை மாநிலச் சட்டம் ஒன்றைப் பற்றிய வழக்கு. கட்டணம் என்றால் அதற்கு ஈடாக ஒரு சேவை இருக்க வேண்டும் என்றது. ஆனால் பைசாவுக்குப் பைசா பொருந்த வேண்டியதில்லை, பொதுவான பொருத்தம் போதும் என்று பிந்தைய தீர்ப்புகள் தளர்த்திவிட்டன. ஆகவே ஓராண்டு உபரியை மட்டும் காட்டினால் வழக்கு நிற்காது. தொடர்ந்து பல ஆண்டுகள் உபரி, அந்தப் பணம் வேறு தலைப்புக்குப் போனது, அதிகாரம் தரும் விதியே இல்லை: இவைதான் வலுவான வாதங்கள்.

மின் கட்டணத்துக்கு வழி வேறு, இங்கே முன்கூட்டியே பேசலாம். மின்சாரச் சட்டம் 2003இன் 64ஆம் பிரிவுப்படி, மின் நிறுவனத்தின் கட்டண மனு வெளியிடப்பட்டு, ஆலோசனைகளையும் ஆட்சேபணைகளையும் பரிசீலித்த பிறகே மின்சார ஒழுங்குமுறை ஆணையம் ஆணை பிறப்பிக்க வேண்டும். "மக்களால் தாங்க முடியாது" என்று மட்டும் எழுதினால் ஒரு வரியில் கடந்துவிடுவார்கள். மனுவின் பக்க எண், அட்டவணை எண்ணைக் குறிப்பிட்டு, மின் இழப்பு, வட்டிச் செலவு, கொள்முதல் விலை ஆகியவற்றில் எந்த எண் ஏன் தவறு என்று எழுதுங்கள். இறுதி ஆணையில் அந்த ஆட்சேபணைக்குப் பதில் இருக்கிறதா என்று தேடுங்கள். இல்லையென்றால், ஆணை நகல் கிடைத்த 45 நாளுக்குள் மின்சார மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போகும்போது அதையே முதல் காரணமாக வைக்கலாம்.