முற்றொருமை சரி, விடை மட்டும் ஏன் தப்பு?

சைன்²எக்ஸ்-ஐத் தொகையிடச் சொன்னால் யோசிக்காமல் சைன்³எக்ஸ்/3 என்று எழுதுகிறவர்கள் நிறையப் பேர். எக்ஸ்²-க்கு எக்ஸ்³/3 வருகிறதே என்ற பழக்கதோஷம். எழுதியதை ஒருதரம் வகையிட்டுப் பாருங்கள், சைன்²எக்ஸ் காஸ் எக்ஸ் என்று வந்து நிற்கும், கேட்காத காஸ் ஒன்று வாலாக ஒட்டிக்கொண்டு. சைன்²எக்ஸ் = (1 − காஸ் 2எக்ஸ்)/2 என்ற முற்றொருமையை (எக்ஸ் எதுவானாலும் பொருந்தும் சமன்பாட்டை) வைத்து மாற்றித்தான் ஆகவேண்டும். விடை எக்ஸ்/2 − (சைன் 2எக்ஸ்)/4 + மாறிலி. அந்த 4-க்குப் பதில் 2 போட்டு மார்க்கை விடுகிற கூட்டம் தனி.

அதற்காக அடுக்கைப் பார்த்த இடமெல்லாம் 2எக்ஸுக்கு ஓடாதீர்கள். சைன்³எக்ஸ் காஸ்²எக்ஸ் மாதிரி ஒன்று ஒற்றைப்படை அடுக்கில் இருந்தால், ஒரு சைனைத் தனியே எடுத்துவைத்து, மிச்ச சைன்²-ஐ 1 − காஸ்² ஆக்கி, காஸ் எக்ஸ் = யு என்று பிரதியிட்டால் போதும். மைனஸ் குறி வரும், விட்டுவிடாதீர்கள்.

இன்னொரு வேடிக்கை, சரியான விடையையே அடித்துவிடுவது. சைன் எக்ஸ் காஸ் எக்ஸ்-க்கு உங்களுக்கு சைன்²எக்ஸ்/2 வந்திருக்கும், பக்கத்துப் பெஞ்சில் −(காஸ் 2எக்ஸ்)/4 இருக்கும். இரண்டும் சரிதான், வித்தியாசம் வெறும் 1/4, அது மாறிலிக்குள் அடங்கிவிடும்.

எல்லைகள் வந்துவிட்டால்தான் உண்மையான வம்பு. √(1 + காஸ் 2எக்ஸ்) என்பது √2 காஸ் எக்ஸ் அல்ல, √2 |காஸ் எக்ஸ்|. அந்த மட்டுக்குறியை விட்டால் 0 முதல் பை வரை தொகை பூஜ்ஜியம் என்று வரும். உண்மையில் அது 2√2.

டான் இதைவிட மோசம். 1/(1 + சைன்²எக்ஸ்)-ஐ 0 முதல் பை வரை தொகையிட, மேலும் கீழும் காஸ்²எக்ஸால் வகுத்து டான் எக்ஸ் = டி என்று போடுகிறோம், அதுவரை சரி, ஆனால் டான் 0, டான் பை இரண்டுமே 0 என்பதால் புது எல்லைகள் இரண்டும் 0 ஆகி விடையும் 0 என்று எழுதிவிடுகிறோம். சார்போ எங்குமே 1/2-க்குக் கீழே இறங்காதது, அதன் பரப்பு எப்படிப் பூஜ்ஜியமாகும்? நடுவில் பை/2-இல் டான் முறிகிறது, அதனால் அதைத் தாண்டிப் பிரதியிட்டால் இப்படித்தான். சமச்சீர் இருப்பதால் 0 முதல் பை/2 வரை மட்டும் போட்டு இரட்டிப்பாக்குங்கள், பை/√2 வரும், கிட்டத்தட்ட 2.22.