சிகிச்சை முடிந்த பின் வரும் மாலைகள்: சிலம்பப் பயிற்சியோடு போதையிலிருந்து விலகி நிற்பது எப்படி

குடியையோ கஞ்சாவையோ வலி மாத்திரையையோ விட்டுவிட்டு, மறுவாழ்வு மையத்திலிருந்து வீடு திரும்பிய ஒருவருக்கு, நாளின் மிகக் கடினமான பொழுது பெரும்பாலும் மாலை ஐந்தரை மணிக்குத்தான் தொடங்குகிறது. வேலை முடிந்து, கையில் கொஞ்சம் பணமும் முன்னால் மூன்று மணி நேரமும் இருக்கும் அந்த வேளையில், முன்பெல்லாம் பணம் புரட்டுவது, கூட்டாளிக்கு போன் போடுவது, கடைவரை நடப்பது, தொட்டுக்கொள்ள ஏதாவது வாங்குவது, பேசிச் சிரிப்பது என்று ஒரு முழு மாலையே போதையைச் சுற்றி அமைந்திருந்தது. சிகிச்சை அந்தப் பொருளை உடலிலிருந்து அகற்றுகிறதே தவிர, அந்த மூன்று மணி நேரத்தை அப்படியே வெறுமையாக விட்டுவிடுகிறது. மனத்தைத் திடப்படுத்திக்கொள்ளச் சொல்பவர்கள், அந்த நேரத்தில் கைகால்களை எங்கே வைத்துக்கொள்வது என்பதைச் சொல்வதில்லை. அதற்கு ஒரு விடையாகச் சிலம்பப் பயிற்சியை இந்தக் கட்டுரை எடுத்துக்கொள்கிறது. பறை, கபடி, தச்சு வேலை என்று வேறு எதைத் தேர்ந்தெடுத்தாலும் வழிமுறை ஏறத்தாழ இதுதான்.

முதலில் மருத்துவர், பிறகுதான் மைதானம்

எந்தப் புதிய ஈடுபாடும் சிகிச்சைக்கு மாற்றாகாது என்பதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. நாள்தோறும் அதிகமாகக் குடித்து வந்தவர் வைராக்கியத்தோடு திடீரென்று நிறுத்தினால், சில மணி நேரத்தில் கை நடுக்கமும் வியர்வையும் தொடங்கும். முதல் இரண்டு நாட்களுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் இடம், ஆள் தெரியாமல் பிதற்றும் நிலை ஏற்பட்டு உயிருக்கே ஆபத்தாகலாம். இந்தக் கட்டத்தை மருத்துவமனையில், வலிப்பைத் தடுக்கும் மருந்துகளும் தயமின் (வைட்டமின் பி1) ஊசியும் பெற்றுக் கடப்பதே பாதுகாப்பு. டேபென்டடால் போன்ற வலி மாத்திரைகளுக்கோ ஹெராயினுக்கோ அடிமையானவருக்கு உடல்வலி, கண்ணீர், வயிற்றுப்போக்கு என்று வேறு வகை வேதனை வரும். அதற்கு நாக்கின் அடியில் வைக்கும் புப்ரெனார்ஃபின் போன்ற மருந்துகள் இருக்கின்றன. கஞ்சாவை விட்டவர் முதல் இரண்டு வாரம் தூக்கமின்மையோடும் எரிச்சலோடும் போராட நேரும்.

எங்கே போவதென்று தெரியாதவர்கள் போதை மீட்புக்கான தேசிய உதவி எண் 14446ஐயோ மனநல ஆலோசனைக்கான 14416ஐயோ கட்டணமின்றி அழைக்கலாம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவுகள் இந்தச் சிகிச்சையை அளிக்கின்றன. சென்னையில் சாந்தி ரங்கநாதன் 1980இல் தொடங்கிய டி.டி.கே. மருத்துவமனை, குடியை ஒழுக்கக்கேடாகப் பார்க்காமல் நோயாகப் பார்க்கும் எண்ணத்தைத் தமிழ்நாட்டில் பரப்பிய முன்னோடி நிறுவனம். வழக்குக்குப் பயந்து சிகிச்சையைத் தள்ளிப்போடும் இளைஞர்களுக்கு ஒரு செய்தி: போதைப்பொருளைப் பயன்படுத்தியதற்காகவோ சிறு அளவு வைத்திருந்ததற்காகவோ வழக்கில் சிக்கியவர், தானே முன்வந்து அரசு மருத்துவமனையிலோ அரசு அங்கீகரித்த மையத்திலோ சிகிச்சையை முழுமையாகப் பெற்றால், அந்த வழக்கிலிருந்து பாதுகாப்புப் பெற 1985ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டத்தின் 64ஏ பிரிவு இடமளிக்கிறது.

ஏன் சிலம்பம்

அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் ஜார்ஜ் ஹண்ட், நேதன் ஆஸ்ரின் என்ற இருவர் 1973இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று, குடிநோயாளிகளிடம் குடியின் தீமைகளைப் பேசுவதோடு நின்றுவிடவில்லை. அவர்களுக்கு வேலை தேடித் தந்தது, குடும்ப உறவைச் சீர்செய்தது, பழைய மதுக்கூடம் ஒன்றையே மது இல்லாத சங்கமாக மாற்றி மாலையில் கூடிப் பழக இடமும் தந்தது. குடிக்காத வாழ்க்கை குடித்த வாழ்க்கையைவிடச் சுவையாக இருந்தால்தான் ஒருவர் அதில் நிலைப்பார் என்பது அவர்களின் கருத்து. இத்தகைய உதவி பெற்றவர்கள் வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களைவிடக் குறைவாகவே குடித்தனர்.

ஆகவே நீங்கள் தேர்ந்தெடுக்கும் ஈடுபாடு போதை பிடித்துவைத்திருந்த அதே நேரத்தை எடுத்துக்கொள்ள வேண்டும். இரண்டு கைகளையும் கவனத்தையும் கேட்க வேண்டும். நீங்கள் வராவிட்டால் ஏன் வரவில்லை என்று கேட்க அங்கே ஒருவர் இருக்க வேண்டும். என் கணிப்பில் இந்த மூன்றாவதே மற்ற இரண்டையும்விடப் பெரியது. தனியாக ஓடுவதும் வீட்டில் தண்டால் எடுப்பதும் உடலுக்கு நல்லவைதான், ஆனால் நீங்கள் ஒரு நாள் நிறுத்தினால் யாருக்கும் தெரியாது. சிலம்பக் களத்தில் அது தெரிந்துவிடும். ஊர்தோறும் கோயில் திடலிலோ பள்ளி மைதானத்திலோ மாலை வேளையில்தான் வகுப்பு நடக்கிறது, செலவும் குறைவு. ஒரு கம்பு போதும், அதையும் தொடக்கத்தில் ஆசானே கொடுத்துவிடுவார்.

கம்பு கவனத்தைக் கேட்கும் விதத்தையும் சொல்ல வேண்டும். நெற்றி உயரத்துக்கு வெட்டிய பிரம்பையோ மூங்கிலையோ உடலுக்கு முன்னால் சுழற்றும்போது, வேகம் சரியாக அமைந்தால் காற்றில் விர்ரென்று ஓர் ஒலி எழும். எண்ணம் சற்றே வேறிடம் போனால் அந்த ஒலி உடையும், அடுத்த கணம் கம்பின் நுனி உங்கள் முழங்கையையோ கணுக்காலையோ காதோரத்தையோ தட்டும். போதைக்கான உச்சக் கட்டத்து ஏக்கம்கூட, இடம் கொடுக்காமல் விட்டால் பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் தணிந்துவிடும். அந்த அரை மணி நேரத்தில் மனத்தை வேறெங்கும் போக விடாமல் கம்பு பிடித்து வைக்கிறது.

ஆசானிடம் என்ன சொல்வது

மருத்துவரிடம் முதலில் அனுமதி பெறுங்கள். கல்லீரல் பழுது, இதயக் கோளாறு, முன்பு வலிப்பு வந்த வரலாறு ஆகியவை இருந்தால் எந்த அளவு பயிற்சி பொருந்தும் என்பதை அவர்தான் சொல்ல முடியும். பிறகு, சேரும் முன் இரண்டு மூன்று மாலைகள் மைதானத்துக்குப் போய் ஓரமாக நின்று பாருங்கள். வகுப்பு முடிந்ததும் மூத்த மாணவர்கள் எங்கே போகிறார்கள், திருவிழா ஆட்டத்துக்குப் போகும் குழு அங்கே குடிக்கிற பழக்கம் உள்ளதா என்பதை விசாரியுங்கள். அப்படிப்பட்ட குழு எவ்வளவு புகழ் பெற்றதாக இருந்தாலும் உங்களுக்கு அது வேண்டாம்.

ஆசானிடம் உண்மையைச் சொல்வது நல்லது, ஆனால் முழுக் கதையையும் சொல்ல வேண்டியதில்லை. "ஆசான், நான் குடியை விட்டுச் சிகிச்சை முடித்து வந்திருக்கிறேன். சொல்லாமல் இரண்டு நாள் வராமல் இருந்தால் என் வீட்டுக்கு ஒரு போன் போட்டுவிடுங்கள்" என்று கேட்டு, மனைவியின் எண்ணையோ அண்ணனின் எண்ணையோ கொடுத்தால் போதும். முன்பு வலிப்பு வந்திருந்தால் அதை மட்டும் மறைக்கக் கூடாது. மற்ற மாணவர்களுக்கு எதுவும் தெரிய வேண்டிய அவசியமில்லை. உங்களோடு பயிலும் பிள்ளைகளில் பலர் உங்கள் வயதில் பாதிகூட இருக்க மாட்டார்கள், பத்து வயதுச் சிறுமி ஒருத்தி உங்கள் காலடியைத் திருத்துவாள். கூச்சமாக இருக்கும், இருந்தாலும் அதைத் தாங்கிக்கொள்ளுங்கள், ஏனென்றால் உங்கள் பழைய பெயரை அறியாதவர்கள் நடுவே ஒரு தொடக்கநிலை மாணவராக மட்டும் நிற்கும் வாய்ப்பு ஊருக்குள் வேறெங்கும் எளிதில் கிடைக்காது.

முதல் மாதங்கள்

மண்ணைத் தொட்டு வணங்கிவிட்டுப் பெரும்பாலான ஆசான்கள் முதலில் கற்றுத்தருவது காலடிதான். அது உங்களுக்கு அலுப்பாக இருக்கலாம். விரைவில் பலன் தரும் பொருளுக்குப் பழகிய மூளை, மெல்லப் பலன் தரும் எதையும் சப்பென்றுதான் உணரும். சில வாரங்களிலிருந்து சில மாதங்கள்வரை எதிலும் மகிழ்ச்சி தோன்றாமல் இருப்பதும் மீட்சியின் ஒரு பகுதியே. பிடித்தால் தொடர்வேன் என்று நினைக்காமல், மூன்று மாதம் பிடிக்காவிட்டாலும் போவேன் என்று முடிவு செய்துகொள்ளுங்கள்.

நீண்ட காலம் குடித்தவர்களுக்குப் பாதத்தில் உணர்ச்சி குறைந்திருக்கக்கூடும். வெறுங்காலோடு ஆடும் மண்ணில் முள்ளோ கண்ணாடிச் சில்லோ குத்தினாலும் தெரியாமல் போகலாம் என்பதால், வீடு திரும்பியதும் கால் கழுவி, வெளிச்சத்தில் உள்ளங்காலைப் பாருங்கள். வெறும் வயிற்றோடு வகுப்புக்குப் போகாதீர்கள். பசியும் களைப்பும் ஏக்கத்தைக் கூட்டும். நான்கரை மணிக்கு ஒரு கிண்ணம் சுண்டலோ இரண்டு வாழைப்பழமோ சாப்பிட்டுவிட்டுக் கிளம்புங்கள்.

வகுப்பு வாரத்தில் மூன்று நாள்தான் என்றால், வாரக் கூலி கைக்கு வரும் சனிக்கிழமை அதில் ஒன்றாக இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள், அல்லது சனிக்கிழமை மாலை தனியாகப் பயில ஆசானிடம் அனுமதி கேளுங்கள். அன்று பணத்தை வீட்டில் கொடுத்துவிட்டு, பேருந்துக் கட்டணம் மட்டும் எடுத்துச் செல்வது நல்லது. கைபேசியில் உள்ள பணம் செலுத்தும் செயலியையும் சில மாதங்களுக்கு நீக்கிவிடலாம். மீதி மாலைகளில், குடியை விட்டவர்கள் ஒருவருக்கொருவர் துணை நிற்கும் ஏ.ஏ. (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்) கூட்டத்துக்குப் போகலாம். 1935இல் அமெரிக்காவில் தோன்றி இங்கும் பல ஊர்களில் நடந்துவரும் அந்தக் கூட்டங்களுக்குக் கட்டணம் கிடையாது. குடும்பத்தினருக்கு அல்-அனான் என்ற தனிக் கூட்டம் உண்டு.

மைதானத்துக்குப் போகும் வழியையும் யோசித்துத் தேர்ந்தெடுங்கள். வியட்நாமில் ஹெராயினுக்கு அடிமையான அமெரிக்கப் போர்வீரர்களை லீ ராபின்ஸ் என்ற ஆய்வாளர் 1970களில் பின்தொடர்ந்து பார்த்தபோது, தாயகம் திரும்பிய முதல் ஆண்டில் அவர்களில் ஏறத்தாழ 5 விழுக்காட்டினரே மீண்டும் அடிமையாகியிருந்தனர். இடமும் ஆட்களும் மாறியது அதற்கு ஒரு முக்கியக் காரணமாகக் கருதப்படுகிறது. உங்களால் ஊரை மாற்ற முடியாது, ஆனால் தெருவை மாற்ற முடியும். டாஸ்மாக் கடையோ பொட்டலம் விற்கும் சந்தோ இல்லாத வழி பத்து நிமிடம் சுற்றாக இருந்தாலும் அதிலேயே போங்கள்.

கவனிக்க வேண்டிய ஆபத்துகள்

சிலம்பத்தில் அடிபடும். மணிக்கட்டு வீங்கும், தோள் வலிக்கும். வலி மாத்திரைக்கு அடிமையாக இருந்தவருக்கு இதுதான் பெரிய கண்ணி என்பதால், அடிபட்ட அன்று தானாக மருந்துக் கடைக்குப் போகாமல், சிகிச்சை அளித்த மருத்துவரையே கேட்டுப் பழக்கமேற்படுத்தாத மருந்தை வாங்குங்கள். மாத்திரைகளை வீட்டில் வேறொருவர் வைத்திருந்து வேளைக்கு ஒன்றாகத் தரட்டும். குடித்தால் உடலுக்கு ஒவ்வாமல் செய்து குடியைத் தடுக்கும் டைசல்ஃபிராம் மாத்திரை உட்கொள்பவர்கள், உடம்பு வலிக்கென்று யாராவது தரும் அரிஷ்டம், ஆசவம் வகை மருந்துகளைத் தொடக் கூடாது. அவற்றில் இயற்கையாகவே ஆல்கஹால் உண்டு; அந்த மாத்திரையோடு சேர்ந்தால் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தியோடு இரத்த அழுத்தம் இறங்கிவிடும்.

இன்னொன்று, பயிற்சி நன்றாகப் போகிறதே என்று மருந்தையும் ஆலோசகரையும் கூட்டத்தையும் விட்டுவிடுவது. உடல் தேறி, போட்டிக்குப் பெயர் கொடுத்து, பாராட்டும் கிடைக்கத் தொடங்கும் நான்காவது ஐந்தாவது மாதத்தில்தான் இந்த எண்ணம் தலைதூக்கும். போட்டிகள் கூடாதென்பதில்லை, 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளையோர் போட்டிகளில் செயல்விளக்க விளையாட்டாக இடம்பெறும் அளவுக்குச் சிலம்பம் வளர்ந்திருக்கிறது. போட்டிக்குப் போகும் நாளிலும் மருந்து பையில் இருக்க வேண்டும், இரவு தங்கும் அறையில் குடிக்காத ஒரு துணை இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

சறுக்கிவிட்டால்

பலருக்கு ஒருமுறையேனும் சறுக்கல் நேர்கிறது. அப்போது ஆபத்து எதில் இருக்கிறது என்று வீட்டாருக்கும் தெரிந்திருக்க வேண்டும். ஹெராயினோ வலி மாத்திரையோ எடுத்து வந்தவருக்கு, சில வாரம் விட்டிருந்த பின் உடலின் தாங்குதிறன் குறைந்துவிடுகிறது. பழைய அளவையே மீண்டும் எடுத்தால் மூச்சு நின்றுபோகலாம். எழுப்பியும் எழாமல், மூச்சு மெதுவாகி, உதடு நீலம் பாய்ந்தால் உடனே 108ஐ அழையுங்கள்.

சறுக்கிய அன்று போதையோடு களத்துக்குப் போகாதீர்கள், கம்பு வீசும் இடத்தில் அது பிள்ளைகளுக்கு ஆபத்து. ஆசானுக்கு போனில் சொல்லிவிட்டு, மறுநாள் காலை மருத்துவரையோ ஆலோசகரையோ பாருங்கள். தொடர்ந்து சில நாள் குடித்திருந்தால் நிறுத்தும்போது மறுபடியும் வலிப்பு வரும் வாய்ப்பு உண்டு. மருத்துவர் சரியென்று சொன்ன முதல் மாலையே வகுப்புக்குத் திரும்புங்கள், ஒரு வாரம் கழித்துப் போகலாம் என்று தள்ளிப்போடாதீர்கள். வீட்டார் அன்று அறிவுரை சொல்ல வேண்டாம். நான்கரை மணிக்குச் சுண்டலை எடுத்துவைத்து, முடிந்தால் மைதானம்வரை உடன் நடந்து வரட்டும்.