லாகோஸில் தூக்கம் கிடைத்த விதம்

முதல் தடவை நைஜீரியாவில் இருக்கும் லாகோஸ் நகரத்துக்குப் போனபோது படங்களை மட்டும் பார்த்து விக்டோரியா ஐலண்டில் அறை எடுத்துவிட்டேன். எனக்கு வேலையோ இக்கேஜாவில், விமான நிலையம் இருக்கும் பக்கம். தினமும் காலையில் தேர்ட் மெயின்லேண்ட் பாலத்தைத் தாண்ட வேண்டும். கிட்டத்தட்ட 12 கிலோமீட்டர் நீளம். நெரிசல் நேரத்தில் வண்டிகள் ஊர்ந்துதான் போகும். அங்கே அதை 'கோ-ஸ்லோ' என்கிறார்கள்.

இரவு இன்னும் மோசம். கரண்ட் போனதும் ஜெனரேட்டர் கிளம்பும். அது என் ஜன்னலுக்கு நேர் கீழே. கட்டில் சட்டம் அதிரும், மேசையில் வைத்த டம்ளர் தண்ணீரில் வளையம் வளையமாக அலை எழும். ஜன்னலைத் திறந்தால் டீசல் புகை.

மூன்று நாள் பொறுத்தேன். அப்புறம் இக்கேஜாவுக்கே மாறினேன். இந்தத் தடவை பணம் கட்டும் முன்பே அறையைக் காட்டச் சொன்னேன். ஜெனரேட்டர் எந்தப் பக்கம், விடிய விடிய ஓடுமா, இல்லை நடுவில் நிறுத்துவார்களா என்று கேட்டேன். வரவேற்பில் இருந்த பையன், "ஓகா, பின்பக்கம் எடுங்க, சத்தமே வராது" என்றான். 'ஓகா' அங்கே மரியாதைச் சொல். அவன் சொன்னது உண்மைதான்.

ஜன்னல் கொசுவலையை விரலால் தடவிப் பார்த்தேன். ஓர் ஓரத்தில் கிழிந்திருந்தது. மலேரியா உள்ள ஊர், இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது. கையோடு மாற்றித் தந்தார்கள். நம் ஊர் உருண்டை முனை பிளக் அங்கே சேராது, சதுர முனை அடாப்டர் வேண்டும்.

அன்று இரவு பத்து மணிக்குப் படுத்தவன் காலை ஆறுக்குத்தான் எழுந்தேன்.