லேயர் ஸ்டேட் பெயரை நம்பிக் கெட்ட கதை

போன கிழமை எங்கள் ஒஃபிஸில் புதிதாகச் சேர்ந்த பொடியன், தான் எழுதிய லிஸ்ப் (ஓட்டோகாட் என்ற வரைபட மென்பொருளுக்குள் ஓடும் சிறு நிரல்) ஒன்றைக் கொண்டுவந்து காட்டினான். வரைபடத்தின் அடுக்குகளான லேயர்களில் எவை தெரியவேண்டும், எவை மறையவேண்டும் என்று பெயர் வைத்து சேவ் பண்ணியதுதான் லேயர் ஸ்டேட். எந்த லேயர் ஸ்டேட் போட்டிருக்கிறோம் என்று ஓட்டோகாட்டின் கீழ்ப் பட்டையில் பெயர் வருகிறது. "எப்பிடி அண்ணா?" என்றான். எனக்கு வயிற்றைக் கலக்கியது. நானும் ஒருகாலத்தில் அதையே, அதே பிழையோடு எழுதியவன்.

ஸ்டேட்டை சேவ் பண்ண மறப்பது, 'டெஸ்ட்2' என்று பெயர் வைப்பது எல்லாம் ஒருமுறை அடிபட்டால் தானாகத் திருந்தும். அவற்றை விடுகிறேன்.

கடைசியாகப் போட்டதை, இப்போது இருப்பதாகக் காட்டுவது

'லேயர்ஸ்டேட்-கெட்லாஸ்ட்ரிஸ்டோர்ட்' என்ற ஃபங்ஷன், கடைசியாக எந்த ஸ்டேட்டை ரிஸ்டோர் பண்ணினோமோ அதன் பெயரைத் தரும். அதன் வேலை அவ்வளவுதான். பிறகு யாராவது கையால் ஒரு லேயரை ஃப்ரீஸ் பண்ணி மறைத்திருந்தால் அதை அது சொல்லாது.

வெள்ளவத்தையில் ஒரு அபார்ட்மென்ட் வேலை. தாளின் மூலையில் விவரம் எழுதும் டைட்டில் ப்ளொக்கில் ஸ்டேட் பெயர் தானாக விழும்படி ஃபீல்ட் போட்டு, நானே என் முதுகைத் தட்டிக்கொண்டேன். ஒருநாள் பின்னேரம் அளவுகள் வாசிக்க இடைஞ்சலாக இருந்ததென்று ஸ்லீவ் (குழாய் போகக் கொங்கிரீட்டில் விடும் ஓட்டை) லேயரை ஃப்ரீஸ் பண்ணிவிட்டு, மறந்து, அப்படியே ப்ளொட் அடித்தேன். மூலையில் 'ப்ளம்பிங்' என்று அச்சாகியிருந்தது. பெயர் இருக்கும்போது யார் சந்தேகப்படுவார்? ஸ்லீவ் இல்லாமலே ஸ்லாப் கொங்கிரீட் போட்டார்கள். எஞ்சினியர் தாளைக் கையில் வைத்துக்கொண்டு கோல் எடுத்தார்: "தம்பி, ப்ளம்பிங் எண்டு போட்டிருக்கு. குழாய் போற ஓட்டை எங்க?" கோர் கட்டிங்குக்கு ஆள் பிடித்துத் துளைத்தோம். துளைக்கிற வழியில் கம்பியும் வெட்டுப்பட்டது. அதற்கு இன்னொரு நாள் விளக்கம்.

பெயரே இல்லாதிருந்தால் யாராவது ஒருவர் சரிபார்த்திருப்பார் என்பதுதான் இன்றைக்கும் எரிச்சல்.

செய்ய வேண்டியது, 'லேயர்ஸ்டேட்-கொம்பேர்' கொண்டு சேவ் பண்ணியதையும் இப்போதுள்ளதையும் ஒப்பிடுவது. ஒத்திருந்தால் பெயர், இல்லாவிட்டால் 'ப்ளம்பிங், மாற்றப்பட்டது'. ஓட்டோகாட்டின் லேயர் பனலே, லேயரில் கைவைத்ததும் 'அன்சேவ்ட் லேயர் ஸ்டேட்' என்று மாறிவிடும். அந்த நேர்மை நாம் எழுதுவதிலும் வேண்டாமா? ஃபொட்டோஷொப்பிலும் இதேபோன்ற லேயர் கொம்ப்ஸ் பட்டியலின் மேலே 'லாஸ்ட் டொக்கியுமென்ட் ஸ்டேட்' என்று தனி வரி இருக்கிறது.

எப்போது ஒப்பிடுவது? ஒவ்வொரு கட்டளைக்கும் பின்னால் ஓடவிட்டால் நூற்றுக்கணக்கான லேயர் உள்ள ட்ரோயிங் நொண்டும். நான் ப்ளொட் கட்டளை தொடங்கும்போது மட்டும், கட்டளையைக் கவனித்துத் தானாக ஓடும் ரியக்டரால் பிடிக்கிறேன். கீழ்ப்பட்டையில் தெரிவது வசதிக்கு. தாளில் விழுவதுதான் காசு.

வியூபோர்ட்டை மறப்பது

ஒரு ஷீட்டில் மூன்று வியூபோர்ட் (வரைபடத்தைக் காட்டும் சட்டம்) இருந்தால், ஒவ்வொன்றிலும் ஃப்ரீஸ் ஆனவை வேறாக இருக்கலாம். முழு ஷீட்டுக்கும் ஒரே பெயர் எழுதினால் ஏதாவது ஒன்றில் பொய். பெயரை ஷீட்டுக்கல்ல, வியூபோர்ட்டின் கீழே போடுங்கள்.

பிறகு வந்த லேயர்கள்

ஸ்டேட்டை சேவ் பண்ணியபின் சேர்ந்த லேயர் அதற்குள் இருக்காது. ரிஸ்டோர் பண்ணும்போது, ஸ்டேட்டில் இல்லாத லேயர்களை ஓஃப் பண்ணும் டிக்கைப் போடாவிட்டால் அவை திரையிலேயே கிடக்கும். பெயர் சரி, படம் பிழை.

பச்சைப் புள்ளி

பெயருக்குப் பதில், ஒத்திருந்தால் ஒரு பச்சைப் புள்ளி காட்டலாமே என்று தோன்றும். வேண்டாம். பெயரை எழுதுங்கள்.

எல்டி

ஓட்டோகாட்டின் சுருக்கப் பதிப்பான எல்டியில், 2024க்கு முந்தியதென்றால் லிஸ்ப் ஓடாது. பொடியனுக்குப் பக்கத்து மேசையில் பழைய எல்டிதான். "அவர் என்ன செய்யிறது?" என்று கேட்டான். ப்ளொட் அடிக்கமுன் பனலைப் பார்க்கச் சொல், என்றேன்.