ரேகை விழலையா? அரிசியை விட்டுட்டு வராதீங்க

திருநெல்வேலியில் முக்கூடல், மேலப்பாளையம் பக்கம் ரேஷன் கடை வரிசையில் பத்து நிமிஷம் நின்றால் போதும், பீடி சுற்றுகிற யாராவது ஒருத்தர் விரலைச் சேலையில் துடைத்துத் துடைத்து மிஷினில் அழுத்திக்கொண்டிருப்பார். இருபது வருஷம் சொளவை (முறத்தை) மடியில் வைத்து இலை மடக்கிய விரல் வழுவழுவென்று கிடக்கும், ரேகை எங்கே விழும்? “அடுத்த வாரம் வாங்க” என்றால் பையை மடக்கிக்கொண்டு திரும்பிவிடாதீர்கள்.

முதலில் கையைக் கழுவி ஈரம் போகத் துடைத்துவிட்டு எல்லா விரலையும் மாற்றி மாற்றி வையுங்கள். பெருவிரலும் ஆள்காட்டி விரலும்தான் ரொம்பத் தேயும், மோதிர விரலில் சிலருக்கு விழுந்துவிடும். இல்லையென்றால் கருவிழி பதிகிற கருவி இருக்கிறதா என்று கேளுங்கள். அட்டையில் பெயருள்ள வேறு யார் போனாலும் வாங்கலாம், மருமகளை அனுப்புங்கள். தனியாக இருக்கிற ஆச்சி, நடக்க முடியாதவர்கள் இன்னொருவரை அனுப்பி வாங்க அங்கீகாரச் சான்றுப் படிவம் இருக்கிறது, அதை நிரப்பிக் கொடுத்துவிட்டால் மாதாமாதம் அலைய வேண்டாம். நேரம் கிடைக்கும்போது ஆதார் மையத்தில் ரேகையைப் புதுப்பித்தும் வையுங்கள்.

சரி, அட்டையில் என்ன எழுத்து போட்டிருக்கிறது என்று பார்த்ததுண்டா? பி.ஹெச்.ஹெச்.-ஏ.ஏ.ஒய். (ரொம்ப ஏழைக் குடும்பங்களுக்கான அட்டை) என்றிருந்தால் மாதம் 35 கிலோ அரிசி, இலவசம். என்.பி.ஹெச்.ஹெச்.-எஸ். என்றால் சர்க்கரை அட்டை, அரிசி கிடையாது. அரிசி அட்டையாக மாற்ற விண்ணப்பிக்கலாம். அப்புறம் போனுக்கு வரும் மெசேஜ். வாங்காத பருப்பை வாங்கியதாக வந்தால் அன்றைக்கே 1967-க்குக் கூப்பிட்டுச் சொல்லுங்கள், மெசேஜை அழிக்காதீர்கள். இரண்டாம் சனிக்கிழமை நடக்கும் குறைதீர் முகாமுக்கு அட்டை, ஆதார் நகலோடு போனால் பெயர் சேர்ப்பது, நீக்குவது எல்லாம் பேசலாம். என் அட்டையில் பிள்ளை பெயரைச் சேர்க்க நான் மூன்று தடவை நடந்தேன், மூன்றாவது தடவைதான் பிறப்புச் சான்றிதழில் குழந்தை பெயரே எழுதவில்லை என்று கவனித்தேன். போவதற்கு முன்னால் அதைப் பாருங்கள்.

வீட்டில் கர்ப்பிணியோ, பால் கொடுக்கிற தாயோ, ஆறு மாதம் முதல் ஆறு வயது வரை குழந்தையோ இருந்தால் அங்கன்வாடியில் பெயர் இருக்க வேண்டும். தலைப்பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்கு வந்த பெண்கள் இந்தக் கணக்கில்தான் விடுபட்டுப் போகிறார்கள், வந்த வாரமே போய்ச் சொல்லுங்கள். அங்கன்வாடியில் கொடுக்கிற சத்துமாவைக் கோழிக்குப் போடுகிற வீடுகளை நானே பார்த்திருக்கிறேன்! வெந்நீர் தெளித்துப் பிசைந்து, கொஞ்சம் தேங்காய்ப்பூ போட்டுக் கொழுக்கட்டையாகப் பிடித்து ஆவியில் வைத்துக் கொடுங்கள், பிள்ளைகள் கேட்டு வாங்கித் தின்னும். ஆறு மாதம் முதல் ஐந்து வயதுக்குள் இருக்கிற குழந்தையின் மேல்கைச் சுற்றளவை நாடாவில் அளக்கச் சொல்லுங்கள்; 11.5 சென்டிமீட்டருக்குக் கீழே இருந்தால் அது கடுமையான ஊட்டச்சத்துக் குறைவு, உடனே ஆரம்ப சுகாதார நிலையம் போக வேண்டும்.

பள்ளிக்கூடத்தில் பெரிய வேலையில்லை. ஒன்று முதல் ஐந்து வரை காலைச் சாப்பாடு உண்டு, 2022-ல் தொடங்கியது, ஆனால் மணி அடிப்பதற்கு முன்பே பிள்ளை அங்கே இருக்க வேண்டும். மதியம் பத்தாம் வகுப்பு வரை சத்துணவு, முட்டையோடு. முட்டை சாப்பிடாத பிள்ளைக்கு வாழைப்பழம் உண்டு, அதை டீச்சரிடம் முதலிலேயே சொல்லிவையுங்கள். சாயங்காலம் “என்ன சாப்பிட்ட?” என்று கேட்காமல் “முட்டை முழுசா கொடுத்தாங்களா?” என்று கேளுங்கள்.