மூலைவிட்டத்தோடு நின்றுவிடாதீர்கள்: உடன் மாறுபாட்டு அணியில் நேரும் தவறுகள்

தரவுக்கு ஒரு கோட்டைப் பொருத்தியதும் நம் கண் முதலில் மதிப்பீடுகளுக்குப் போகிறது, பிறகு அவற்றின் திட்டப் பிழைகளுக்கு. அந்தத் திட்டப் பிழைகள் எந்த அணியிலிருந்து எடுக்கப்பட்டன என்று திறந்து பார்ப்பவர்கள் குறைவு. அதுதான் உடன் மாறுபாட்டு அணி: மூலைவிட்டத்தில் ஒவ்வொரு மதிப்பீட்டின் மாறுபாட்டளவை (திட்டப் பிழையின் வர்க்கம்), மற்ற இடங்களில் இரு மதிப்பீடுகள் சேர்ந்து மாறும் அளவு. தவறுகள் பெரும்பாலும் அங்கேதான் தொடங்குகின்றன.

புள்ளியியல் கணக்குகளுக்கான ஆர் நிரல்மொழியோடு கூடவே வரும் 'கார்ஸ்' என்ற சிறிய தரவை எடுத்துக்கொள்வோம். 1920களில் பதிவான 50 அளவீடுகள் அதில் இருக்கின்றன: வண்டி மணிக்கு எத்தனை மைல் வேகத்தில் ஓடியது, நிற்க எத்தனை அடி தூரம் எடுத்துக்கொண்டது. நேர்கோடு பொருத்தினால் வெட்டுத்துண்டு −17.58, சாய்வு 3.93 என்று வரும். திட்டப் பிழைகள் முறையே 6.76, 0.416. 'வீகோவ்' கட்டளை தரும் அணியில் மூலைவிட்ட எண்கள் 45.68, 0.1727. மற்ற இரு இடங்களிலும் ஒரே எண்: −2.659.

இந்த மூன்றாவது எண்ணைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். 15 மைல் வேகத்தில் ஓடும் வண்டி சராசரியாக எத்தனை அடியில் நிற்கும்? கோட்டின்படி 41.4 அடி. இதன் திட்டப் பிழை என்ன? மூலைவிட்டத்தை மட்டும் வைத்துக் கணக்கிடுபவர் 45.68உடன் 15இன் வர்க்கத்தால் பெருக்கிய 0.1727ஐக் கூட்டுவார். 84.5 வரும், வர்க்கமூலம் 9.19. ஆனால் இரண்டு மடங்கு 15ஐ −2.659ஆல் பெருக்கி அதையும் சேர்க்க வேண்டும். அது −79.8. எஞ்சுவது 4.76தான், சரியான திட்டப் பிழை 2.18. ஓர் எண்ணை விட்டதற்கு விலை, நான்கு மடங்குக்கு மேல் ஊதிப்போன பிழை.

ஏன் இவ்வளவு வேறுபாடு? இந்தத் தரவில் வேகத்தின் சராசரி 15.4. பொருத்திய கோடு அந்தச் சராசரிப் புள்ளியில் ஊன்றி நிற்கும் ஏற்றப்பலகை போன்றது. வலப்பக்கம் கோடு சற்று உயர்ந்தால், வேகம் பூச்சியமான இடப்பக்கத்தில் அது தாழ்ந்தே தீரும். அதனால் சாய்வுக்கும் வெட்டுத்துண்டுக்கும் இடையிலான ஒட்டுறவுக் கெழு −0.95. இரண்டும் தனித்தனியே தடுமாறுவது போலத் தோன்றினாலும், பலகையின் நடுப்பகுதி மிகக் குறைவாகவே அசைகிறது.

இதே இடத்தில் இன்னொரு சறுக்கலும் உண்டு. அணியை அறிக்கையில் இரண்டு தசம இடங்களுக்குச் சுருக்கி எழுதிவிட்டு, பிறகு அந்த எண்களைக் கொண்டே கணக்கிடுவது. 0.17, −2.66 என்று சுருக்கிப் பாருங்கள்: விடை 2.18இலிருந்து 2.03க்கு இறங்கிவிடும். பெரிய எண்கள் ஒன்றையொன்று கழித்துக்கொள்ளும் கணக்கில் தசமங்களைச் சிக்கனம் பிடிக்கக் கூடாது.

2.18 என்பது சராசரித் தூரத்துக்கான பிழை. நாளை சாலையில் வரும் ஒரு தனி வண்டிக்கு எச்சங்களின் (கோட்டிலிருந்து அளவீடுகள் விலகும் அளவுகளின்) மாறுபாட்டளவையான 236.5ஐயும் அந்த 4.76உடன் சேர்த்து வர்க்கமூலம் எடுக்க வேண்டும், அப்போது 15.5 அடி ஆகிவிடும். முன்னதைப் பின்னதாக நினைத்துப் பாதுகாப்புத் தூரம் வகுத்தால், ஆபத்து வண்டிக்குள் இருப்பவர்களுக்கு.

அடுத்தது, என்னை அதிகம் கவலைப்படுத்தும் தவறு. மீச்சிறு மதிப்பைத் தேடும் நிரலை ஓட்டி, அது தரும் ஹெஸ்ஸியன் அணியின் (இரண்டாம் வகைக்கெழுக்களின் அணி) நேர்மாறை எடுத்து, அதுவே உடன் மாறுபாட்டு அணி என்று எழுதிவிடுவது. எந்தச் சார்பை மீச்சிறிதாக்கினோம் என்று அங்கே யாரும் கேட்பதில்லை. எதிர்க்குறியிட்ட மடக்கை வாய்ப்புச் சார்பு (பண்பளவைகள் தரவோடு எவ்வளவு பொருந்துகின்றன என்று காட்டும் வாய்ப்பின் மடக்கை) என்றால் நேர்மாறு அப்படியே பொருந்தும். எச்சங்களின் வர்க்கக் கூடுதல் என்றால் பொருந்தாது; நேர்மாறை எச்ச மாறுபாட்டளவையின் இரண்டு மடங்கால் பெருக்க வேண்டும். கார்ஸ் தரவில் இந்தப் பெருக்கலை மறந்தால் சாய்வின் திட்டப் பிழை 0.416க்குப் பதிலாக 0.019 என்று வரும். சிறிய பிழையைப் பார்த்து மகிழ்ந்துபோகிறவர்கள் அதைச் சந்தேகிக்க மாட்டார்கள் என்பதுதான் கொடுமை. மடக்கை வாய்ப்பையே மீப்பெரிதாக்கியிருந்தால் குறியை மாற்றிய பிறகே நேர்மாறு எடுக்க வேண்டும். மூலைவிட்டத்தில் எதிர் எண்கள் தெரிந்தால் முதலில் இதைச் சரிபாருங்கள். பைத்தானின் சைபை நூலகத்தில் பிஎஃப்ஜிஎஸ் என்ற தேடல் முறை தரும் நேர்மாறு, தேடும் வழியில் படிப்படியாகத் திரட்டிய தோராயம் மட்டுமே. அதை நம்பித் திட்டப் பிழை எழுதாதீர்கள். கிடைத்த புள்ளியில் ஹெஸ்ஸியனைப் புதிதாகக் கணக்கிடுங்கள்.

அதே நூலகத்தின் 'கர்வ் ஃபிட்' கட்டளையில் ஒரு முன்னிருப்பு அமைப்பு ஒளிந்திருக்கிறது. ஒவ்வொரு அளவீட்டின் பிழையையும் நீங்கள் கொடுத்தாலும், அவற்றை ஒப்பு எடைகளாக மட்டுமே கொண்டு, எச்சங்களைப் பார்த்து அணியை அது மறுபடி அளவிடும். கருவியின் உண்மையான பிழை உங்களுக்குத் தெரியும் என்றால், 'அப்சல்யூட் சிக்மா' என்பதை வெளிப்படையாக இயக்க வேண்டும்.

எச்சங்களின் வர்க்கக் கூடுதலை 50ஆல் வகுப்பதா, 48ஆல் வகுப்பதா என்பதும் அடிக்கடி குழப்பும். வெட்டுத்துண்டு, சாய்வு என்ற இரண்டு பண்பளவைகளை மதிப்பிட்டுவிட்டதால் கட்டின்மைக் கூறுகள் 48; அதனால்தான் வகுக்க வேண்டும்.

மடக்கையில் மதிப்பிட்ட பண்பளவையைப் பழைய அளவுக்குத் திருப்பும்போது மதிப்பை மட்டும் திருப்பிவிட்டு மாறுபாட்டளவையை அப்படியே விடுபவர்கள் உண்டு. மாறுபாட்டளவையைத் திருப்பிய மதிப்பின் வர்க்கத்தால் பெருக்க வேண்டும். இது தோராயம்தான், பிழை சிறியதாக இருக்கும்வரை போதுமானது.

இவையெல்லாம் சரியாக இருந்தும் அணி தவறாகலாம். கார்ஸ் தரவின் எச்சங்களை வரைந்து பாருங்கள்: வேகம் கூடக்கூட அவை விசிறிபோல் விரிகின்றன. மாறுபாடு எங்கும் ஒன்றே என்ற எடுகோள் அங்கே தள்ளாடுகிறது. ஹால்பர்ட் ஒயிட் 1980இல் பொருளியலாளர்களிடையே பரவச் செய்த 'சாண்ட்விச்' மதிப்பீடு, மாறுபாடு ஒன்றாக இல்லாதபோதும் பொருந்தும் அணியைத் தர, இதற்காகவே இருக்கிறது. ஆர் மொழியில் அதே பெயரில் ஒரு தொகுப்பு உண்டு.

கணக்கு சரிதானா என்று சோதிக்க ஓர் எளிய வழி. வேகத்திலிருந்து 15ஐக் கழித்துவிட்டு அதே கோட்டை மறுபடி பொருத்துங்கள். இப்போது வெட்டுத்துண்டே 15 மைல் வேகத்துக்கான சராசரித் தூரம். திரையில் 41.41 என்றும், பக்கத்தில் திட்டப் பிழை 2.18 என்றும் அணியைத் தொடாமலே வந்து நிற்கும்.